பாசிங்கின் காது

இரண்டு வாத்து முட்டைகளை எடுத்து ஒன்றோடு ஒன்று மெல்லத் தட்டினால், நல்ல முட்டை கூழாங்கல்லைப் போலக் கணீரென்று ஒலிக்கும். கீறல் விழுந்தது மண்சட்டி மாதிரி அடங்கிப்போகும். கண்ணுக்குத் தெரியாத கீறலும் காதுக்குத் தெரிந்துவிடும். கார்தோவின் கொட்டகையில் நாங்கள் ஆறு பெண்கள் விடியலில் உட்கார்ந்தால், வெயில் ஏறுவதற்குள் நாலாயிரம் முட்டைகளைத் தட்டிப் பிரித்துவிடுவோம். நல்லவை வறுத்த நெல்லோடு கூடைக்குள் போய், பதினெட்டு நாள் வெதுவெதுப்பில் கிடந்து உள்ளே குஞ்சு பாதி வளர்ந்த பலூத் ஆகும்; அவித்துத் தின்பார்கள். கீறல் முட்டை ஒன்று தப்பி உள்ளே போய்விட்டால் அழுகி, பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். அதனால் அவற்றை நாங்களே வீட்டுக்கு எடுத்துப் போவோம். எங்கள் பிள்ளைகள் கீறல் முட்டை தின்று வளர்ந்தவர்கள்.

எங்கள் ஆறு பேரில் பாசிங்கின் கைகளில்தான் ஒரே சமயத்தில் ஆறு முட்டைகள் உருளும். நாங்கள் நல்லது என்று போட்ட கூடையை அவள் ஒரு முறை குலுக்குவாள், தலையைச் சாய்ப்பாள், கையை விட்டு ஒன்றை எடுத்து வெளியே வைப்பாள். யார் போட்டது என்று சொல்லமாட்டாள். சொல்லாமல் விடுவதுதான் எங்களுக்குப் பயம். மனிதர்கள் பேசினாலும் அதே மாதிரி தலையைச் சாய்த்துத்தான் கேட்பாள். "நூறும் நல்லதுன்னு சொல்றவன் ஒண்ணு செவிடனா இருக்கணும், இல்ல திருடனா இருக்கணும்" என்பது அவள் வாக்கு.

அந்த ஆகஸ்டில் அவள் மகள் மரிவிக்குக்குப் பதிமூன்று வயது. ஊர் பாண்டு வாத்தியக் குழுவில் கிளாரினெட் வாசித்தாள். ஊர்ப் புனிதர் சான் ரோக்கேயின் திருவிழாவுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, போட்டிக் கச்சேரியில் தனி வாசிப்பு மரிவிக்குக்குத்தான் என்று குழுவை நடத்தும் மாஸ்ட்ரோ இசியோங் அறிவித்தார். ஏரிக்கு அக்கரைக் குழுவும் எங்கள் குழுவும் சதுக்கத்தில் எதிரெதிர் மேடையில் உட்கார்ந்து மாறி மாறி வாசிப்பார்கள். ஊரே நின்று கேட்கும். பிசிறு தட்டினால் ஊர் மறக்காது. எட்டு வருஷத்துக்கு முன் டிராம்போனில் பிசிறடித்தவனை இன்றைக்கும் 'வாத்து' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவனுக்கு இப்போது மூன்று பிள்ளைகள். அதுகளுக்கு 'குஞ்சு' என்று பெயர்.

மறுநாள் கொட்டகையில் செபா ஆரம்பித்தாள். "என்ன பாசிங், இனிமே எங்களோடல்லாம் பேசுவியா, இல்ல மேடையிலேருந்து கைய மட்டும் ஆட்டுவியா?"

பாசிங் சிரிக்கவில்லை. "ஏன் மரிவிக்?" என்றாள்.

"ஏன்னா?"

"கிளென்டா இருக்கா. மாஸ்ட்ரோவோட சொந்தத் தம்பி மக. இவள விட ரெண்டு வருஷம் கூட வாசிச்சவ. அவள உட்கார வச்சுட்டு வாத்துக்காரன் மகள எழுப்பி நிக்க வைக்கிறார். எதுக்கு?"

"நல்லா வாசிக்கிறா, அதுக்கு."

"அதத்தான் அவரும் சொல்றார். நாலு மாசமா அதையேதான் சொல்றார். 'நல்லா இருக்கு, நல்லா இருக்கு.' ஒரு நாளாவது இந்த இடம் தப்புன்னு சொன்னாரா? அவளையே கேளு."

"சொல்ற மாதிரி தப்பு இல்லையோ என்னவோ."

"தப்பு இல்லாத பொண்ணு எங்கடி இருக்கா? இவ விழணும்னு பாக்கறார். இவ விழுந்தா ஊரே 'ஐயோ கிளென்டாவ விட்டிருக்கலாமே'ன்னு சொல்லும். அடுத்த வருஷத்துலேருந்து அவதான்."

செபா என்னைப் பார்த்தாள். நான் முட்டையைப் பார்த்தேன்.

மாஸ்ட்ரோவின் முடிதிருத்தும் கடைக்குப் பின்னால் பழைய நெல் கிடங்கு ஒன்று உண்டு. பயிற்சி அங்கேதான். அன்றிலிருந்து நாலு மணிக்கெல்லாம் பாசிங் அதன் ஜன்னலுக்கு வெளியே போய் நின்றாள். ஒன்றும் பேசமாட்டாள். ஜன்னல் கட்டையில் ஒரு கையை வைத்து, தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்பாள். மரிவிக்கின் தனி வாசிப்பில் கீழேயிருந்து படியேறுவது போல ஸ்வரங்கள் வந்து, சட்டென்று ஒரு தாவல் தாவி, மேலே ஒரு ஒற்றை ஸ்வரத்தில் நிற்க வேண்டும். அம்மா ஜன்னலுக்கு வந்த முதல் நாளே அந்தத் தாவலில் பிசிறியது. கிளாரினெட்டின் பிசிறு அசிங்கமான சத்தம். வாத்துக் குஞ்சை மிதித்த மாதிரி இருக்கும்.

"நல்லா இருக்கு. மறுபடியும்" என்றார் மாஸ்ட்ரோ.

"பாத்தியா?" என்றாள் பாசிங் அன்று மாலை எங்களிடம். "பிசிறினதுக்கும் நல்லா இருக்குங்கறார்."

எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு மூங்கில் தட்டிதான். மகளுக்காக பாசிங் செய்ததையெல்லாம் நாங்கள் கேட்டுக்கொண்டும் முகர்ந்துகொண்டும் இருந்தோம். விடியலில் தொண்டைக்கு இஞ்சி கொதிக்க வைத்தாள். வெள்ளைச் சீருடைக்கு மூன்று முறை கஞ்சி போட்டாள். அந்த மாதம் மரிவிக்குக்குக் கீறல் முட்டை கிடையாது. நல்ல முட்டை, முழுசாக, உப்பிலிட்டு, தக்காளி நறுக்கிப் போட்டு. மகள் வாசிக்கும்போது இவள் அடுப்படியில் வெங்காயமோ மீனோ நறுக்கிக்கொண்டிருப்பாள். பிசிறினால் திட்டமாட்டாள். கத்தி நிற்கும், அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி நறுக்கும். நாள் போகப்போக மரிவிக் தன் வாசிப்பைக் கேட்பதை விட்டுவிட்டுக் கத்தியைக் கேட்க ஆரம்பித்தாள் என்று எனக்குத் தோன்றியது. தாவல் வருவதற்கு முன்னாலேயே மெதுவாகிவிடுவாள்.

அவள் அப்பா தேயோங் படகில் போய் ஏரி அடியிலிருந்து நத்தை வாரிக்கொண்டு வருவான். வாத்துகளுக்கு அதுதான் தீனி. அவன் ஒரு நாள் சொன்னான்: "பட்டியில வாத்துங்களுக்கு முன்னாடி நின்னு வாசிக்கிறப்ப ஒண்ணும் பிசிறலியே."

"வாத்துக்கு என்ன தெரியும்?" என்றாள் பாசிங்.

"எனக்குந்தான் ஒண்ணும் தெரியாது. அதனாலதான் என் முன்னாடியும் நல்லா வாசிக்கிறா."

"நீ நத்தையப் பாரு."

திருவிழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது மரிவிக் படுத்துவிட்டாள். முந்தின நாள் பயிற்சியில் மாஸ்ட்ரோ எல்லார் முன்னிலையிலும், "அடேயப்பா, என்ன அழகா வாசிக்கிறா இந்தப் பொண்ணு!" என்று சொல்லியிருக்கிறார். ராத்திரியெல்லாம் வாந்தி. வயிறு கல்லாகிவிட்டது. கை வைத்துப் பார்த்தவுடனே எங்கள் எல்லார் வாயிலும் ஒரே வார்த்தைதான் வந்தது: ஊசோக். களைத்தவனோ பசித்தவனோ ஒரு பிள்ளையைப் புகழ்ந்தால் அந்தப் பசி பிள்ளையின் வயிற்றில் போய் உட்கார்ந்துகொள்ளும். புகழ்ந்த வாயாலேயே 'புவேரா ஊசோக்' என்று சொல்லிவிட்டால் ஒன்றும் ஆகாது. சொல்லாமல் விட்டால், புகழ்ந்தவரே வந்து பிள்ளைக்கு எச்சில் தொட்டு வைக்க வேண்டும்.

பாசிங் முட்டைக்கூடையை அப்படியே போட்டுவிட்டுக் கடைக்குப் போனாள். துணைக்கு நானும் செபாவும். மாஸ்ட்ரோ ஒருவருக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தார்.

"மாஸ்ட்ரோ, முந்தாநாள் சாயங்காலம் நீங்க பசியோட இருந்தீங்களா?"

"என்ன கேள்வி இது, பாசிங்?"

"இருந்தீங்களா இல்லையா?"

அவர் யோசித்தார். "நேத்தா, முந்தாநாளா? மரிவிக்கப் பத்திச் சொன்னது நேத்து. ஆமா, நேத்து மதியம் சாப்பிடல. ஜீப்னி வண்டி வழியில நின்னுபோச்சு."

"நேத்துதான். சும்மா மாத்திக் கேட்டேன்" என்றாள் பாசிங். "பசியோட இருந்துட்டு என் பொண்ண 'என்ன அழகு'ன்னீங்க. 'புவேரா ஊசோக்' சொன்னீங்களா?"

"ஐயையோ. மறந்துட்டேன்."

"மறந்தீங்களா?"

"மறந்துதான் போச்சு, பாசிங். நல்லதுதானே சொன்னேன்?"

"அதத்தான் நான் கேட்கறேன். ஏன் எப்பப் பாத்தாலும் நல்லதே சொல்றீங்க?"

மாஸ்ட்ரோ கத்தரிக்கோலை இரண்டு முறை காற்றில் வெட்டினார். "என் தொழில் அப்படி. முடி வெட்டி முடிஞ்சு கண்ணாடியப் பாக்கறவன்கிட்ட, காதுப் பக்கம் கோணலா இருக்குன்னு சொல்ல முடியுமா? நல்லா இருக்குன்னு சொன்னா நிமிந்து நடந்து போவான். நிமிந்து நடந்தா கோணல் தெரியாது."

நாற்காலியில் இருந்தவர் கையைப் போர்வைக்கு வெளியே எடுத்துக் காதோரம் தடவினார். "மாஸ்ட்ரோ, கோணலாவா இருக்கு?"

"உங்களுக்கில்ல. பொதுவாச் சொன்னேன்."

செபா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பாசிங்குக்குச் சிரிப்பு வரவில்லை. "அப்ப என் பொண்ணு கோணல்னு உங்களுக்குத் தெரியும்" என்றாள். "வாங்க, வந்து எச்சில் வச்சுட்டுப் போங்க."

அவர் வந்தார். கட்டைவிரலை நாக்கில் தொட்டு மரிவிக்கின் நெற்றியில் வைத்து, மூன்று முறை 'புவேரா ஊசோக்' சொன்னார். சாயங்காலத்துக்குள் வயிறு இளகியது. கஞ்சி குடித்தாள். மறுநாள் பயிற்சிக்கும் போனாள். பாசிங் ஜன்னலில் நின்றாள். தாவலில் மூன்று முறை பிசிறியது. மரிவிக் ஒவ்வொரு முறையும் ஜன்னலைப் பார்த்தாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது பாசிங் செபாவின் தோளைப் பிடித்து நிறுத்தினாள். "வயிறு சரியாயிடுச்சு. அப்ப இது ஊசோக் இல்ல. வேற ஏதோ நடக்குது."

"என்ன நடக்கும்?"

"நான் இல்லாதப்ப அங்க என்ன நடக்குதுன்னு பாக்கணும். நீயும் வா. நான் மட்டும் சொன்னா யாரும் நம்பமாட்டாங்க. சாட்சி வேணும்."

அடுத்த நாள், முட்டை ஏற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போவதாக மகளிடம் சொன்னாள். நாலரை மணிக்கு அவளும் செபாவும் கிடங்கின் பின்சுவரில் ஒட்டி நின்றார்கள். தென்மேற்குக் காற்றின் மழை. ஆளுக்கொரு வாழை இலையைத் தலையில் பிடித்திருந்தார்கள். அங்கே நடந்ததை செபா அன்றைக்கே எனக்குச் சொன்னாள்.

உள்ளே கிளாரினெட் மட்டும் வாசித்தது. படி படியாக ஏறியது. தாவியது. மேல் ஸ்வரத்தைப் பிடித்து, மழைக்கு மேலே, நூல் மாதிரி நிறுத்தியது. மறுபடி முதலிலிருந்து. மறுபடியும் சுத்தம்.

"அம்மாடி, என்ன வாசிப்பு!" என்றாள் செபா.

பாசிங்கின் முகம் கறுத்திருந்தது. "கேட்டியா? இது மரிவிக் இல்ல."

"என்னது?"

"அந்த இடத்துல என் பொண்ணுக்குப் பிசிறும். இருபது தடவ கேட்டிருக்கேன். இதுல கீறலே இல்ல. இது கிளென்டா. நான் இல்லாதப்ப இவள உட்கார வச்சுட்டு அவளத் தயார் பண்றார். கடைசி நாள்ல மாத்திடுவார். வா!"

செபா பிடிப்பதற்குள் அவள் சுற்றிப் போய்க் கதவைத் தள்ளிவிட்டாள்.

கிளென்டா பெஞ்சில் உட்கார்ந்து வாழைக்காய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தாள். நடுவில் மரிவிக் நின்றிருந்தாள். கண் மூடி, கிளாரினெட்டை வாயில் வைத்து, அந்த மேல் ஸ்வரத்தில் நின்றுகொண்டிருந்தாள். கதவுச் சத்தத்தில் கண்ணைத் திறந்தாள். அம்மாவைப் பார்த்தாள். பிசிறியது.

யாரும் சிரிக்கவில்லை. "என்ன பாசிங்?" என்றார் மாஸ்ட்ரோ.

பாசிங் கையைத் தூக்கிக் காட்டினாள். "இல்ல... மழை. குடை கொண்டாந்தேன்."

அவள் கையில் இருந்தது வாழை இலை.

மறுநாள் கொட்டகையில் அவள் கூடையில் இரண்டு கீறல் முட்டைகள் இருந்தன. அத்தனை வருஷத்தில் முதல் தடவை. நாங்கள் எடுத்து வெளியே வைத்தோம். யார் போட்டது என்று யாரும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம், கந்துலி மீன் புளிச்சாறு கொதிக்கும் வாசனை வரும்போது, தட்டிக்கு அந்தப் பக்கம் பேச்சு ஆரம்பித்தது. திருவிழாவுக்கு நாலு நாள் இருந்தது.

"நான் கிளென்டாவுக்கே குடுத்துடறேம்மா" என்றாள் மரிவிக். "நாளைக்கு மாஸ்ட்ரோகிட்ட சொல்லிடறேன்."

"எதுக்கு?"

"அவ நல்லா வாசிப்பா."

கத்தி நின்றது. "நான் வந்து நிக்கிறதாலதான் பிசிறுதா?"

கிளாரினெட் பெட்டியை மூடும் சத்தம் கேட்டது.

"சொல்லுடி."

"இல்லம்மா."

"இப்ப சொன்னதுல கீறல் இருக்கு" என்றாள் பாசிங். வேண்டுமென்று சொல்லவில்லை, பழக்கத்தில் வந்துவிட்டது.

மரிவிக் அழ ஆரம்பித்தாள். "பாத்தியா, இதான். நீ எதையும் சும்மா கேட்கவே மாட்டே. நான் தண்ணி குடிச்சாக்கூட அதுல என்ன தப்புன்னு கேட்கறே."

"வேற யாரு இருக்கா உனக்கு, இப்படிக் கேட்க? அந்த மனுஷன் எல்லாத்தையும் நல்லா இருக்குங்கறார். உங்கப்பனுக்கு நத்தை சத்தம் ஒண்ணுதான் தெரியும். நானும் விட்டுட்டா, நீ சதுக்கத்துல போய் நின்னு, அத்தன பேர் முன்னாடி..."

"ரெண்டு பேரும் சாப்பிடுங்க, சோறு ஆறுது" என்றான் தேயோங்.

"அதாம்மா. அந்த இடம் வர்றதுக்கு முன்னாடியே நீ அங்க போய் நிக்கிறே. நான் விழுவேன்னு எனக்கு முன்னாடி போய்க் காத்துக்கிட்டு நிக்கிறே. உன்னைத் தாண்டி நான் எப்படிப் போறது?"

பாசிங் புளிச்சாற்றை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தாள்.

"சரி, நான் வரல" என்றாள் பாசிங். "வீட்டுலயே இருக்கேன்."

"வீட்டுலேருந்து கேட்டுக்கிட்டிருப்பே. அது இன்னும் மோசம்."

"பின்ன என்னதான் செய்ய? காத அறுத்துக்கவா?"

தேயோங் சிரித்துவிட்டான். மரிவிக் மூக்கை உறிஞ்சிக்கொண்டு யோசித்தாள். "சாப்பிட்டுக்கிட்டே நில்லு" என்றாள்.

"என்னது?"

"சிச்சரோன் வாங்கி மென்னுக்கிட்டே நில்லு. பேக்கரி வாசல்ல, எனக்குத் தெரியற மாதிரி. மென்னுக்கிட்டிருந்தா உனக்குக் கேட்காதுல்ல."

பொரித்த பன்றித்தோல் வாய்க்குள் நொறுங்கும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. முட்டை தட்டும் நேரத்தில் எங்களில் யாரும் எதையும் மெல்லமாட்டோம் என்பது அந்தப் பெண்ணுக்கும் தெரிந்திருக்கிறது.

"இதென்ன கிறுக்கு" என்றாள் பாசிங். மாட்டேன் என்று சொல்லவில்லை.

திருவிழா அன்று மழை ஒதுங்கியிருந்தது. ஊர்வலம் முடிந்து, சான் ரோக்கே சிலையும் அவர் காலடி நாயும் கோயிலுக்குள் போன பின், ஐந்து மணிக்குப் போட்டிக் கச்சேரி. பாசிங் கோயிலுக்குப் போடும் நீலக் கவுனில், பெரிய காகிதப் பை நிறைய சிச்சரோனோடு பேக்கரி வாசலில் நின்றாள். நாங்கள் ஐந்து பேரும் பக்கத்தில் நின்றோம். அவள் மென்றது ரசித்துத் தின்கிற மாதிரி இல்லை. வேலை செய்கிற மாதிரி இருந்தது.

"மக வாசிக்கிறத கேட்க வந்தியா, திங்க வந்தியா பாசிங்?" என்று கார்தோ முதலாளி கேட்டுவிட்டுப் போனார். அவள் வாய் நிறைய இருந்ததால் பதில் சொல்லவில்லை.

அக்கரைக் குழு நன்றாகவே வாசித்து முடித்தது. கைதட்டல் ஓய நேரமானது. எங்கள் குழு தொடங்கியது. இரண்டாவது பகுதியில் மரிவிக் எழுந்து நின்றாள். கஞ்சிச் சீருடை அட்டை மாதிரி நின்றது. முதலில் பேக்கரியைப் பார்த்தாள். அம்மா மென்றுகொண்டிருந்தாள். கிளாரினெட்டை வாயில் வைத்தாள்.

எங்கள் பக்கத்தில் நொறுக் நொறுக்கென்று அந்தச் சத்தம் எங்களுக்கே தொந்தரவாக இருந்தது. ஸ்வரங்கள் படியேற ஆரம்பித்தபோது அது நின்றுவிட்டது. நான் திரும்பிப் பார்த்தேன். காகிதப் பை அவள் கைக்குள் கசங்கிக் கிடந்தது, காலி. வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. மேலும் கீழுமாக, முன்னைப் போலவே. உள்ளே ஒன்றும் இல்லை. ஒரு துளி சத்தம் இல்லை. தலை நேராக இருந்தது. அதை அப்படி வைத்திருக்கக் கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

மரிவிக் தாவினாள். மேல் ஸ்வரம் வந்தது, நின்றது, சதுக்கத்துக்கு மேலே நீண்டது. முடிவதற்கு ஒரு மூச்சுக்கு முன் மயிரிழையாக ஒரு பிசிறு. சதுக்கத்தில் பாதிப் பேருக்குக் கேட்டிருக்காது. முட்டை தட்டுகிற எங்களுக்குக் கேட்டது. செபா என் கையில் நகத்தைப் பதித்தாள்.

மேடையிலிருந்து மரிவிக்கின் கண் நேராகப் பேக்கரிக்கு வந்தது.

பாசிங்கின் தாடை ஒரு தரம்கூடத் தப்பவில்லை. மேலே, கீழே. மேலே, கீழே.

மரிவிக் மூச்சை இழுத்தாள். அடுத்த ஸ்வரத்துக்குள் போனாள். அதற்கப்புறம் முடிகிற வரைக்கும் எங்கள் ஆறு பேர் காதுக்கும் ஒன்றும் அகப்படவில்லை.

அக்கரைக் குழு பதில் வாசிக்கத் தொடங்கியதும் அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தாள். உதட்டில் வியர்வை. "அம்மா, அந்தக் கடைசில..."

"எந்தக் கடைசில?"

"நீ கேட்கல?"

"மென்னுக்கிட்டிருந்தேன். நீதானே சொன்னே."

மரிவிக் அவள் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு கைக்குள் இருந்த பையைப் பிடுங்கி, விரித்து, உள்ளே கையை விட்டாள். விரல் நுனியில் கொஞ்சம் உப்பு வந்தது.

"எப்பம்மா தீந்துச்சு?"

"இப்பத்தான். நீ வர்றதுக்குச் சித்த முன்னாடி."

மரிவிக் நம்பவில்லை. அவளும் பாசிங் பெற்ற பெண்தானே.

"நல்லா வாசிச்சே" என்றாள் பாசிங்.

"கேட்கலன்னு சொன்னே?"

பாசிங் பையை மறுபடி வாங்கிக் கசக்கினாள். காதுவரைக்கும் சிவந்தாள். செபா வானத்தைப் பார்த்தாள், நாங்களும் பார்த்தோம். மேடையிலிருந்து மாஸ்ட்ரோ கையைத் தட்டி மரிவிக்கைக் கூப்பிட்டார். அடுத்த முறைக்கு எல்லாரும் உட்கார வேண்டும்.

"போயிட்டு வரேன்" என்றாள் மரிவிக். நாலடி போய்த் திரும்பினாள். "இங்கயே நில்லு."

"இரு, இன்னொரு பை வாங்கிக்கறேன்."

"வேணாம்மா" என்றாள் அவள். "சும்மா நில்லு."